நிறுத்திய வகுப்பைத் திரும்பத் தொடங்குங்கள்: ஒரு சிறப்புப் பள்ளியின் நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

"பெற்றோர் சிலரின் வேண்டுகோளை ஏற்று, வளரிளம் பருவ வகுப்பு மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது." உங்கள் சுற்றறிக்கை இவ்வளவுதான். என் மகளின் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில், சாம்பார்க் கறையோடு மடங்கிக் கிடந்தது. எந்தப் பாடத்தில் யார் என்ன தவறு கண்டார்கள் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. அறிவுசார் குறைபாடுள்ள எங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் உடலைப் பற்றியும், யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பது பற்றியும் சொல்லித்தந்த வகுப்பு அது. அதே வாரம் அதை நடத்திவந்த சிறப்பாசிரியர் மெழுகுவத்தி செய்யும் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அவர் கைப்படத் தைத்த துணிப் பொம்மைகளும் வரைந்த படங்களும் அலுவலக பீரோவுக்குள் போய்விட்டன. தலைமையாசிரியரைக் கேட்டேன், கமிட்டி முடிவு என்றார். ஆகவே கமிட்டிக்கே எழுதுகிறேன்.

பள்ளியின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதவில்லை. உங்களைச் சந்தியில் நிறுத்துவது என் நோக்கமல்ல. அதற்காக, இந்தக் கடிதம் உங்கள் கோப்புக்குள் போய்த் தூங்கவும் நான் விடுவதாக இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மட்டும் அறிவுசார் குறைபாடு உடையவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். இப்படி ஒரு வகுப்பு கிடைத்த பிள்ளையை எங்கள் பள்ளிக்கு வெளியே நான் பார்த்ததில்லை. அவர்களின் பெற்றோரும் இதைப் படிக்கட்டும்.

எதிர்ப்புத் தெரிவித்த பெற்றோரில் எத்தனை பேர் அந்த வகுப்பில் உட்கார்ந்து பார்த்தார்கள்? ஆசிரியர் எங்கள் எல்லோரையும்தான் அழைத்தார். நான் போனேன். "அந்த மாதிரிப் பாடம்" என்று காதோடு காதாகப் பேசப்பட்டது என்னவென்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்திருந்தார். நடு வட்டத்தில் மாணவியின் புகைப்படம். அடுத்ததில் அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள். இவர்கள் கட்டிக்கொள்ளலாம், அதுவும் அவளுக்குப் பிடித்தால். அதற்கு வெளியே தோழர்களும் ஆசிரியர்களும், கை குலுக்கலாம். அதற்கும் வெளியே கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர். வணக்கம் சொன்னால் போதும். கடைசி வட்டத்துக்கு வெளியே முன்பின் தெரியாதவர்கள்.

என் மகள் வேன் ஓட்டுநரின் படத்தை எடுத்து, நேராக அம்மா அப்பா வட்டத்தில் வைத்தாள். ஏனென்றால் அவர் தினமும் மிட்டாய் தருகிறார். (நல்ல மனிதர், அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.) ஆசிரியர் தப்பு என்று சொல்லவில்லை. "நீ சட்டை மாற்றும்போது இவர் அறைக்குள் வரலாமா?" என்று கேட்டார். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். "கூடாது" என்றாள். "அப்படியானால் இவர் எங்கே இருக்க வேண்டும்?" படத்தை எடுத்து ஒரு வட்டம் தள்ளி வைத்தாள். அடுத்த வாரம் மறுபடியும் உள்ளே வைத்தாள். மறுபடியும் அதே கேள்வி, அதே யோசனை. அந்தப் படம் தன் இடத்துக்குப் போய் நிலைக்க வாரக்கணக்கில் ஆயிற்று. எங்கள் பிள்ளைகளுக்கு எதுவும் அப்படித்தான் ஏறும். ஒரு நாள் வந்து சொற்பொழிவு நடத்திவிட்டுப் போகும் விருந்தினரால் ஆகாத காரியம் இது. இடையில் நிறுத்தினால் ஏறியதும் இறங்கிவிடும் என்பது சிறப்புப் பள்ளி நடத்தும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வேறென்ன சொல்லித்தந்தார்? சிவப்பு மை தொட்ட நாப்கினை எப்போது மாற்றுவது, எப்படிச் சுருட்டுவது, எங்கே போடுவது. மாநில அரசு "புதுயுகம்" திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் இலவசமாகத் தருகிறது. அதை எப்படி வைத்துக்கொள்வது என்று என் மகளுக்குப் பொறுமையாகச் செய்துகாட்டிய முதல் வெளியாள் இந்த ஆசிரியர். கழிப்பறைக் கதவைத் தாழிடுவது. மார்பு, பெண்ணுறுப்பு, ஆணுறுப்பு என்று உடல் உறுப்புகளுக்கு உள்ள பெயர்கள். இந்தப் பெயர்கள்தாம் சிலருக்குக் குமட்டியதாகக் கேள்விப்படுகிறேன்.

குமட்டலாம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். மாற்றுத்திறனாளி ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானால், அவர் சொல்வதைப் பதிவுசெய்யும்போது சிறப்பாசிரியரோ மொழிபெயர்ப்பாளரோ உடன் இருக்க வேண்டும், அதைக் காணொளியாகவும் எடுக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வழி செய்தது. நல்ல சட்டம். அங்கே அந்தப் பெண் என்ன சொல்வாள்? "அங்கே தொட்டார்" என்பாள். எங்கே என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். காதைக் காது என்று சொல்லத் தெரிந்தவளுக்கு மற்றதைச் சொல்ல நாம் கற்றுத்தரவில்லை என்றால், அந்தச் சட்டத்தால் அவளுக்கு என்ன பயன்?

எங்கள் பிள்ளைகள் வளரும் விதத்தை நீங்கள் அருகிலிருந்து பார்ப்பவர்கள். நடை பழகும் முன்பே பிசியோதெரபி. ஒருவர் காலைத் தூக்குகிறார், இன்னொருவர் வாயைத் திறந்து நாக்கைப் பிடிக்கிறார், ஆயாம்மா கழிப்பறைக்கு அழைத்துப்போய் உடையை அவிழ்க்கிறார். யாரும் அனுமதி கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. முரண்டு பிடித்தால் அடம் என்று பெயர். அடங்கினால் கைத்தட்டல். என் மகளின் மதிப்பீட்டு அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். ஆண்டுதோறும் ஒரே வரி: "சொன்ன பேச்சைக் கேட்பாள்." அதைப் படித்துப் பூரித்துப்போன தாய்தான் நானும். எந்தப் பெரியவர் எதைச் சொன்னாலும் செய்யும் பிள்ளையைத்தான் கெட்ட எண்ணம் கொண்டவன் தேடுகிறான். அவனுக்கு வேண்டிய வேலையை நாமே பாதி முடித்துக் கொடுத்துவிடுகிறோம்.

உலக சுகாதார நிறுவனத்துக்காகத் தொகுக்கப்பட்டு 2012இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, மனநலக் குறைபாடோ அறிவுசார் குறைபாடோ உள்ள குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 4.6 மடங்கு அதிகம் என்று சொன்னது. அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டவை பணக்கார நாடுகளின் தரவுகள். இங்கே நிலைமை அதைவிட நல்லதாக இருக்கும் என்று நம்ப எனக்கு ஒரு முகாந்திரமும் தென்படவில்லை.

போன தை மாதம் எங்கள் உறவில் ஒரு திருமணம். மண்டபத்தில் தூரத்து உறவினர் ஒருவர், சின்ன வயதிலிருந்தே செய்கிற வழக்கப்படி, என் மகளின் கன்னத்தைக் கிள்ளி, இடுப்பைப் பிடித்து இழுத்து மடியில் உட்கார வைக்கப் பார்த்தார். இவளுக்கு வயது இருபது. கையை உதறிவிட்டு எழுந்து நின்று, "வேண்டாம் மாமா. நான் பெரிய பெண். வணக்கம் சொல்லுங்கள், போதும்" என்றாள். மேளம் நின்றிருந்த நேரம். அந்த வரிசை முழுக்கக் கேட்டது. என் நாத்தனார் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இப்படியெல்லாம் பேச இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். "எங்கள் பள்ளியில்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கிருந்த கர்வம் கொஞ்சமல்ல. அந்தப் பாடத்தைத்தான் நீங்கள் ஒரு வரியில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

"இதுகள் குழந்தைகள் மாதிரி, இதுகளுக்கு ஏன் இதெல்லாம்" என்று கூட்டத்தில் ஒருவர் பேசியதாக அறிந்தேன். என் குழந்தையின் பெயரில் வாக்காளர் அடையாள அட்டை இருக்கிறது. மாதவிடாய் வந்து எட்டு வருடம் ஆகிறது. கடவுளர் படங்களுக்குப் பக்கத்தில் ஒரு நடிகரின் படத்தை ஒட்டிவைத்திருக்கிறாள். உடம்பு வளர்வதற்கு அறிவுத்திறன் சான்றிதழ் எதுவும் தேவைப்படவில்லை. நாம் குழந்தை என்று சொல்வதால் சட்டமும் அவளைக் குழந்தையாகப் பார்க்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். செரிபிரல் பால்சி என்னும் மூளை முடக்குவாதம் பாதித்த 38 வயதுப் பெண் ஒருவரின் வழக்கில், அவரது மனவயது ஆறு முதல் எட்டு என்பதால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டபோது, அந்தச் சட்டத்தில் வயது என்பது உடலின் வயதுதான் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. பதினெட்டு முடிந்த அன்றே அந்தக் குடை மடக்கப்பட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு அவளிடம் மிஞ்சுவது அவளுக்கு நாம் கற்றுக்கொடுத்தது மட்டும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் என்னிடம் மிகுந்த அக்கறையோடு, "எதற்கு அம்மா இத்தனை பாடு? கர்ப்பப்பையை எடுத்துவிடுங்கள், நிம்மதியாக இருக்கலாம்" என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் பள்ளியில் பல தாய்மாரின் காதில் இந்த யோசனை விழுந்திருக்கிறது. 1994இல் மகாராஷ்டிரத்தின் ஷிரூர் அரசு விடுதியில் இருந்த அறிவுசார் குறைபாடுடைய பெண்களுக்குப் புனே அரசு மருத்துவமனையில் கர்ப்பப்பையை அகற்றினார்கள். மாதவிடாய்ச் சுத்தத்தைப் பராமரிக்க முடியவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். நாடே கொதித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பத்தாவது பிரிவில், ஒருவருடைய சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதம் இல்லாமல் மலட்டுத்தன்மை உண்டாக்கும் எந்த மருத்துவச் செயலும் கூடாது என்று சொல்லிவிட்டது. சட்டத்தை விடுங்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் யாரும் அவளைத் தொட மாட்டார்களா? தொட்டது தெரியாமல் போகும், அவ்வளவுதான். யாருக்கு நிம்மதி?

அதே பத்தாவது பிரிவு, இனப்பெருக்கம், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய தகுந்த தகவல்கள் மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் 23ஆவது பிரிவிலும் இது இருக்கிறது. நீங்கள் நிறுத்தியது ஏதோ ஓர் ஆசிரியையின் விபரீத ஆசை அல்ல.

மகன்களைப் பெற்றவர்களின் பாடு தனி. பெண்ணுக்காவது பரிதாபம் கிடைக்கும், பையனுக்கு அடிதான். எனக்குத் தெரிந்த ஒரு பதினாறு வயதுப் பையன், ஆட்டிசம் உள்ளவன், வகுப்பில் கால்சட்டைக்குள் கை விட்டான் என்று வேறொரு பள்ளியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கடிதத்தில் "ஒழுக்கக்கேடு" என்று எழுதியிருந்தார்கள். அப்பா பெல்ட்டால் அடித்தார். எதற்கு அடி என்று அவனுக்கு விளங்கவில்லை. அடுத்த நாளும் அதையே செய்தான். பின்பு எங்கள் பள்ளிக்கு வந்தான். நீங்கள் மெழுகுவத்திப் பிரிவுக்கு அனுப்பிய அதே ஆசிரியர் அவனுக்கு இரண்டு படங்கள் வரைந்து கொடுத்தார். ஒன்றில் ஆட்கள் நிறைந்த கூடம், குறுக்கே சிவப்புக் கோடு. இன்னொன்றில் சாத்திய கதவு, உள்ளே அவன் மட்டும், முடிந்ததும் கை கழுவும் குழாய். வீட்டிலும் அதே படம், வகுப்பிலும் அதே படம். வகுப்பில் அந்தப் பழக்கம் நின்றது. அவன் அம்மா என்னிடம் சொல்லி அழுதார், சந்தோஷத்தில்தான். இதைப் பச்சையாக எழுதுவதற்காக நீங்கள் என்னைக் குறை சொல்லலாம். பச்சையாகச் சொன்னால்தான் எங்கள் பிள்ளைகளுக்குப் புரியும் என்பதுதானே இங்கே பேச்சே.

பஸ்ஸில் முன்னால் நிற்கும் பள்ளி மாணவியின் பின்னல் அழகாக இருக்கிறது என்று தடவிப் பார்க்கும் இருபத்திரண்டு வயது இளைஞனையும் நினைத்துப் பாருங்கள். அவனைச் சுற்றி நிற்கும் கூட்டம் அறிவுத்திறன் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு அடிக்காது. அந்தச் சிறுமியின் பயமும் நியாயமானது. முன்பின் தெரியாதவரைத் தொடக்கூடாது என்று அவனுக்குத் தரையில் வட்டம் போட்டுச் சொல்லித்தர வேண்டியது யார்?

ஆபத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் எங்கள் பிள்ளைகளை இன்னொரு விதமாகப் பூட்டிவைத்ததாகிவிடும். காகிதக் கோப்பை செய்யும் பிரிவில் ஓர் இளைஞன் இருக்கிறான். தன் முறுக்கை இரண்டாக உடைத்து, பெரிய துண்டை என் மகளுக்குத் தருவான். இவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பாள், அவனுக்கு விரல்கள் வளையாது. மதியச் சாப்பாட்டின்போது அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவே. யாரோ பார்த்துச் சொல்லி, அவனுடைய இடத்தை மறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டீர்கள். இரண்டு பேருக்கும் ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. தான் ஏதோ கெட்ட காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இவள் பள்ளிக்கு வர மாட்டேன் என்று அழுதாள்.

"அவனைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா?" என்று என்னைக் கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எல்லோருக்கும் கல்யாணம் செய்துவைக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் நட்பு எது, காதல் எது, ஒருவருக்குப் பிடித்து மற்றவருக்குப் பிடிக்காவிட்டால் என்ன செய்வது, கல்யாணம் என்றால் நகையும் பட்டுப்புடவையும் மட்டுமா என்றெல்லாம் அவள் கேட்பதற்கும், படத்தோடும் பொம்மையோடும் பதில் பெறுவதற்கும் அந்த ஒரு வகுப்புதான் இருந்தது. இதையெல்லாம் பேசவே கூடாது என்கிற குடும்பங்களிலேயே, "கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்" என்று மறைத்துக் கட்டிவைக்கிறவர்களையும் பார்க்கிறேன். முதலிரவு அறைக்குள் ஒன்றும் தெரியாமல் தள்ளிவிடப்படும் பெண்ணுக்கு அது என்னவாக இருக்கும் என்று அவர்களில் எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எதிர்த்த பெற்றோர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லிக்கொடுத்தால் தூங்கும் ஆசையைத் தட்டி எழுப்பியதாகிவிடுமோ என்ற பயம் எந்தத் தாய்க்கும் வரும். ஆனால் கைப்பேசி எல்லா வீட்டிலும் இருக்கிறது, பிள்ளைகள் கையிலும் இருக்கிறது. ஆசிரியர் கற்றுத்தராவிட்டால் அது கற்றுத்தருகிறது. என் கோபம் உங்கள் மேல்தான். பயந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து வகுப்பைக் காட்டியிருக்க வேண்டிய நீங்கள், கதவைச் சாத்தினால் பிரச்சினை தீர்ந்தது என்று எளிய வழியில் போய்விட்டீர்கள்.

பொறுப்பு உங்களுக்கு வெறும் தார்மிகமானது மட்டும் அல்ல. போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. ஒரு பிள்ளை வந்து சொன்னால்தானே உங்களுக்குத் தெரியும்? சொல்வதற்கான வார்த்தையையும் தைரியத்தையும் தந்த வகுப்பு அது.

ஆகவே கேட்கிறேன். அந்தச் சுற்றறிக்கையை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். வகுப்பை வரும் மாதமே தொடங்குங்கள்; அதே ஆசிரியரிடம் கொடுங்கள். ஆண் மாணவர்களுக்கு ஓர் ஆண் ஆசிரியரையும் தயார் செய்யுங்கள். ஆள் இல்லை என்றால் முட்டுக்காட்டில் உள்ள பன்முகக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்துக்கு எழுதிப் பயிற்சி கேளுங்கள். கடிதம் எழுத நான் உதவுகிறேன். வகுப்புத் தொடங்கும் முன் பெற்றோர் எல்லோரையும் அழைத்து, பீரோவில் இருக்கும் படங்களையும் பொம்மைகளையும் மேசையில் பரப்பிக் காட்டுங்கள். அதன் பிறகும் திருமணம், கருத்தடை பற்றிய பகுதிகள் தங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்பவர்களோடு தனியே பேசிப் பாருங்கள். ஆனால் உடல் உறுப்புகளின் பெயர், மறுக்கும் உரிமை, யாரிடம் போய்ச் சொல்வது, இந்த மூன்றிலிருந்தும் எந்தப் பிள்ளைக்கும் விலக்குத் தராதீர்கள்.

ஆயாம்மாக்கள், வேன் ஓட்டுநர்கள், உதவியாளர்கள் அனைவருக்கும் தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுவது எப்படி என்று பயிற்சி கொடுங்கள். கழிப்பறைக்கு யார் யாரை அழைத்துப் போகலாம் என்று விதி எழுதி ஒட்டுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098ஐப் படத்தோடு ஒவ்வொரு வகுப்பிலும் மாட்டுங்கள். கர்ப்பப்பை அறுவை பற்றிய யோசனையைக் குழுவைச் சேர்ந்த எவரும் எந்தத் தாயிடமும் இனிச் சொல்லக்கூடாது என்று தீர்மானம் போடுங்கள். மறு கட்டடத்துக்கு மாற்றப்பட்ட அந்த இளைஞனை மதியச் சாப்பாட்டுக்காவது பழைய இடத்துக்கு வர விடுங்கள்.

இவற்றை விவாதிக்கக் கூட்டம் போடுவீர்கள் என்றால், பதினெட்டு வயது நிரம்பிய மாணவர்களையும் அதில் உட்காரவையுங்கள். எங்களைக் கேட்பதற்கு முன் அவர்களைக் கேளுங்கள். பதிலை எழுத்தில், காரணத்தோடு, இந்த மாத இறுதிக்குள் தாருங்கள். வராவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் இந்தக் கடிதத்தின் நகலோடு மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் தாய்